பன்னிரண்டாவது பை

லைல் பெட்ரிஷின் ஒரு ஷூவைக் கழற்றியிருந்தான். மற்றதைக் கழற்றக் குனிந்தபோதுதான் அதைப் பார்த்தான். அணி உடை மாற்றும் அறையில், கதவுக்குப் பக்கத்தில் முதலாவதாக இருந்த அவனுடைய இடத்தில், நாலாக மடித்த ஒரு கறுப்புக் குப்பைப் பை.

கழற்றியதைத் திரும்ப மாட்டிக்கொண்டான்.

ஐஸ் ஹாக்கி ஆடிப் பிழைக்கிறவர்களிடம் அந்தப் பைக்கு ஒரே அர்த்தம்தான். உன்னை வேறு அணிக்குத் தள்ளிவிட்டோம், மூட்டையைக் கட்டு. இதை முகத்தைப் பார்த்துச் சொல்ல எவனுக்கும் தைரியம் கிடையாது. பையை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பதினைந்து வருஷத்தில் லைல் பதினொரு பை வாங்கியிருக்கிறான். ஒரு தடவை அவனைக் கொடுத்து, முழங்கால் சரியில்லாத ஒரு கோல் கீப்பரை வாங்கினார்கள். இரண்டு தடவை, அவனுக்கு ஈடாக என்ன கிடைக்கும் என்ற இடத்தில் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று எழுதியிருந்தது. இன்றுவரை யாரும் பார்க்கவில்லை.

இந்த மூஸ் ஃபால்ஸ் ஊர் அணியில்தான் முழுசாக இரண்டு வருஷம் இருந்திருக்கிறான். மனைவி கரினுக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை. மகளுக்கு முதல் முதலாக ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை மகளின் அறைச் சுவருக்கு மஞ்சள் பூசிக்கொண்டே கரின் சொன்னாள்: "இன்னொரு பை வந்துச்சுன்னா நீ மட்டும் போ. நானும் பாப்பாவும் வர மாட்டோம். அந்த டப்பாவை எடு."

அவள் கத்தியிருந்தால்கூட அவன் இவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

இன்றுதான் ஆட்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள். மூன்று மணி தாண்டிவிட்டால் யாரையும் எங்கேயும் அனுப்ப முடியாது. இப்போது மணி ஒன்றரை. மற்றவர்களின் இடங்களில் என்ன இருக்கிறது என்று அவன் பார்க்கவில்லை. பை வந்தவன் அக்கம்பக்கம் பார்ப்பதில்லை.

அடிபட்டவனை எந்த அணி வாங்கும்? லைல் நொண்டிக்கொண்டே அணிக்கு வைத்தியம் பார்க்கும் கோர்டிடம் போனான்.

"தொடை பிடிச்சுக்கிச்சு கோர்ட். நடக்கவே முடியல."

"எந்தத் தொடை?"

"வலது."

"அப்ப ஏன்டா இடது கால நொண்டுற?"

"வலி அங்கயும் போயிருச்சு."

கோர்ட் பதறிவிட்டான். "ரெண்டு காலுமா? அசையாம படு. கோச்சைக் கூட்டிட்டு வரேன்."

கோச் வந்தால் விஷயத்தைச் சொல்லிவிடுவார். கோர்ட் அந்தப் பக்கம் போனதும் லைல் இந்தப் பக்கம் ஓடினான், இரண்டு காலாலும் நன்றாகவே.

நடைவழியில் நோரீன் துணிவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பத்தொன்பது வருஷமாக இந்த அணியின் துணியைத் துவைக்கிறவள். 'சாக்ஸைச் சுருட்டிப் போடாதீர்கள்' என்று அவள் சுவரில் ஒட்டி வைத்திருந்த சீட்டு மஞ்சளாகிவிட்டது. சாக்ஸ் மட்டும் இன்னும் சுருண்டுதான் வந்துகொண்டிருந்தது.

"லைல், நில்லு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லாதக்கா! உன் வாயால சொன்னா நெசமாயிரும்!"

"அட, அந்தப் பை இருக்கே..."

லைல் காதைப் பொத்திக்கொண்டு அவளைத் தாண்டி ஓடினான். "இந்தக் கட்டடத்துல எவன்டா நான் பேசறதக் காதுல வாங்கியிருக்கீங்க!" என்ற குரல் பின்னாலேயே வந்தது.

போன் அடித்தது. கரின்.

"கோர்ட் கூப்பிட்டான். உனக்கு ரெண்டு காலும் போச்சாமே?"

"போகல. பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"லைல். பையா?"

"நாலா மடிச்சு வெச்சிருக்கு."

"சரி," என்றாள் கரின். "மூணு மணிக்கு என்னன்னு சொல்லு. இன்னும் ஒரு சுவர் பாக்கி இருக்கு. சாயங்காலம் பூசறதா வேண்டாமான்னு எனக்குத் தெரியணும்."

 பனித்தளத்தைச் சீராக்கும் வண்டி நிற்கிற கொட்டகைக்குள் புகுந்துகொண்டான்.

"யார்ரா அது? கதவைச் சாத்து!"

வண்டிக்குப் பின்னால், கோட்டும் டையுமாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு கோச் ரேஜான் தீபோ உட்கார்ந்திருந்தார்.

"கோச், கையெடுத்துக் கும்பிடறேன், சொல்லிடாதீங்க."

"நீ சொல்லிடாதடா!"

"நான் என்னத்தச் சொல்லப் போறேன்?"

"முதலாளி உன்ன அனுப்பலையா?" கோச் குரலைத் தாழ்த்தினார். "என் நாற்காலியில பை கிடக்குடா. என் சீட்டு கிழிஞ்சுது."

"எனக்குல்ல பை வந்திருக்கு!"

"உனக்கா? உன்ன எவன்டா வாங்குவான்?"

லைலுக்கு வாழ்நாளில் இவ்வளவு இதமான வார்த்தையை யாரும் சொன்னதில்லை. இருந்தாலும் இருவரும் எழுந்திருக்கவில்லை. கோச்சின் கோட்டுப் பாக்கெட்டில் இருந்த ஒரே சாக்லேட்டை ஆளுக்குப் பாதி தின்றார்கள். மூன்று மணிக்கு, போனில் வானொலிக்காரன் மாற்றப்பட்டவர்களின் பட்டியலைப் படித்தான். படித்து முடித்தான். இருவர் பெயரும் இல்லை. மூஸ் ஃபால்ஸின் பெயரே இல்லை.

கோச் வண்டியின் டயரைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார். லைல் கரினுக்கு ஒரே வார்த்தை அனுப்பினான்: 'பூசு.'

உடனே பதில் வந்தது: 'வரும்போது பிரஷ் வாங்கிட்டு வா. ரெண்டு காலோட வா.'

வெளியே வந்தால் வேறு கூத்து. கார் நிறுத்துமிடத்தில் மொத்த அணியும் நின்றது. ஒருவன் காரின் தலையில் மெத்தையைக் கட்டியிருந்தான். இன்னொருவன் வீட்டுக்காரரிடம் சாவியையே ஒப்படைத்துவிட்டானாம். ஆறடி நாலு அங்குல கோல் கீப்பர் பின்லாந்திலிருக்கும் அம்மாவோடு போனில் அழுதுகொண்டிருந்தான். எல்லார் கையிலும் ஒரு கறுப்புப் பை.

"மொத்தப் பேருக்குமா?" என்றார் கோச். "அணியவே வித்துட்டாங்களா?"

அப்போது நோரீன் கோட்டை மாட்டிக்கொண்டு, கைப்பையோடு வெளியே வந்தாள்.

"அக்கா, இதெல்லாம் யாரு வெச்சது?" என்று கேட்டான் லைல்.

"நான்தான் வெச்சேன். மத்தியானத்துலேர்ந்து அதைத்தானேடா சொல்ல வரேன்? எனக்கு வேற வேலை கிடைச்சிருச்சு, இன்னியோட நான் போறேன். நாளைலேர்ந்து அவனவன் அழுக்க அந்தப் பையில போட்டு அவனவன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்த் துவைச்சுக்கங்க!"