கேள்வி நேரம் பார்த்துக் கெட்டுப்போனவர்

சாராயம் குடித்துக் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். குதிரைப் பந்தயத்தில் கெட்டவர்கள் எங்கள் லேனில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. சட்டசபையில் கேள்வி நேரம் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போன மனுஷன் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கேலரி மாமா.

நிஜப் பேர் அவருக்கே மறந்திருக்கும். தொழில் இஸ்திரி. ஈஜிபுராவின் பின்பக்கம், பெரிய சாக்கடைக் கால்வாயை ஒட்டின லேனில் அவர் வீடும் எங்கள் வீடும் எதிரெதிர். காலையில் முதல் பஸ் பிடித்து எம்.எல்.ஏ. ஹாஸ்டல் பக்கம் போய்விடுவார். அவருடைய தள்ளுவண்டி அங்கே ஒரு மரத்தடியில் நிற்கும். அவர் கஞ்சி போட்டுத் தேய்த்த ஜிப்பா, உள்ளே ஆள் இல்லாமலேயே எழுந்து நின்று ஓட்டுப் போடும். துணி எடுக்க வருகிற எம்.எல்.ஏ.விடம் கூலியைக்கூடக் கடன் சொல்ல விடுவார், பாஸை மட்டும் விடமாட்டார். சபை நடக்கும்போது மேலே மாடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற பாஸ். அந்த மாடத்தை அவர் கேலரி என்பார். லேன் அவரையே கேலரி என்றது.

"மந்திரி ஜவாப் சொல்றத மேல இருந்து பாக்கணும் பாப்பா. வேர்வை அப்படியே காலர்ல எறங்கும். அந்தக் காலரு நான் தேச்சது!" என்பார் என்னிடம்.

அவருக்கு உயிர் என்றால் சப்ளிமென்ட்ரி. எம்.எல்.ஏ. முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்விக்கு மந்திரி பதில் சொன்னதும், அந்தப் பதிலின் வாலைப் பிடித்து இன்னொரு கேள்வி கேட்கலாமாம். அதற்குத்தான் சப்ளிமென்ட்ரி என்று பேர். "எழுதிக் குடுத்த கேள்விக்கு எழுதிக் குடுத்த பதிலு. அதுல இன்னா இருக்குது? சப்ளிமென்ட்ரிலதான் மாட்டுவான்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் வீட்டிலும் அதே வியாதி வந்துவிட்டது.

சாப்பிட உட்காருவார். "(அ) சாம்பார்ல உப்பு ஜாஸ்தியா இருக்கறது அரசாங்கத்தோட கவனத்துக்கு வந்துச்சா? (ஆ) வந்துச்சுன்னா, எடுத்த நடவடிக்கை இன்னா? (இ) எடுக்கலன்னா, காரணம் இன்னா?"

அவர் பெண்டாட்டி மரகதம் அத்தை கரண்டியைக் கீழே வைக்காமலே சொல்லும்: "(ஈ) துன்னுட்டுத் தட்டக் கழுவி வெக்கிறியா, இல்ல தண்ணிய மூஞ்சில ஊத்தவா?"

ஒருநாள் பஸ் ஏன் லேட் என்று கண்டக்டரைக் கேட்டார். டிராஃபிக் என்றார் கண்டக்டர். "சப்ளிமென்ட்ரி! டிராஃபிக் நேத்தும் இருந்துச்சே, அதுக்கு ஏன் முன்னேற்பாடு பண்ணல?" கண்டக்டர் விசில் ஊதினார். "மொதலு இளீரி சுவாமி" என்று கன்னடத்தில் மரியாதையாகவே இறக்கிவிட்டார். மாமா வீட்டுக்கு நடந்து வந்து, "மந்திரி வெளிநடப்பு பண்ண வெச்சுட்டாரு" என்றார்.

கோடி வீட்டு லட்சுமியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, "நமக்குச் சொந்த வீடுங்க" என்று சொல்லி காபியை எடுத்தார். ஊரே தலையாட்டுகிறது. மூலையிலிருந்து ஒரு கை மட்டும் மேலே போனது. "சப்ளிமென்ட்ரி! யார் பேர்ல?" காபி அப்படியே கீழே இறங்கியது. வந்தவர்கள் பஜ்ஜியைக்கூடத் தொடாமல் போய்விட்டார்கள். வீடு அந்த மாப்பிள்ளை பேரில்தான் இருந்ததாம், பாவம். லட்சுமியின் அப்பா செருப்போடு லேன் முழுக்கத் துரத்தினார். மறுநாள் லட்சுமி மட்டும் யாருக்கும் தெரியாமல் மாமாவுக்குப் பாயசம் கொண்டுவந்து கொடுத்தாள். பீன்யாவில் லேத் ஓட்டுகிற பையன் ஒருவனை அவள் முன்பே பார்த்து வைத்திருந்தாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அப்பா எங்களை விட்டுவிட்டு ஓசூர் பக்கம் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டார். வீட்டில் அம்மா, நான், தம்பி கார்த்தி. எனக்கு ஏழாவதோடு படிப்பு நின்றது. கார்மென்ட்ஸில் காலர் தைக்கப் போய்விட்டேன். மாமாவுக்குப் பிள்ளை இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமையானால் கார்த்தியைக் கவிழ்த்த பக்கெட் மேல் மந்திரியாக உட்காரவைப்பார்.

"மான்ய மந்திரி அவர்களே! (அ) தாங்கள் கணக்குல பெயிலான விஷயம் அரசுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"(ஆ) எடுத்த நடவடிக்கை?"

"கணக்கு மிஸ்ஸ டிரான்ஸ்பர் பண்ணிட்டோம்."

மாமா தரையில் உட்கார்ந்து சிரிப்பார். "அக்கா, ஒம் புள்ளைய யாராலயும் மடக்க முடியாதுக்கா! இவன் நெஜமாவே மந்திரியாவான்!"

அந்த மந்திரி ஏழு வயதில் போய்விட்டான்.

கால்வாய் ஓரத்துச் சுவரை ஒரு லாரி ரிவர்ஸில் வந்து இடித்திருந்தது. ஒரு வண்டி நுழைகிற அளவுக்கு ஓட்டை. சொல்லாத இடமில்லை, யாரும் கட்டவில்லை. மழையில் பள்ளிக்கூடம் விட்டு வந்தான். ரோடு எது, கால்வாய் எது என்று தெரியாமல் தண்ணீர் ஒரே மட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் வெகுதூரம் தள்ளிக் கிடைத்தான். இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

வேட்டிகள் வந்தன, போட்டோ எடுத்தார்கள், போனார்கள். சுவர் வரவில்லை. அம்மா ஆபீஸ் ஆபீஸாக ஏறினாள். அந்த இடத்தில் அப்படி எதுவும் நடந்ததாகத் தகவலே இல்லை என்றார்கள். பையன் வேறு எங்கேயோ விழுந்திருப்பான் என்றார் ஒருவர். அம்மா வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னாள்: "செவுரு கட்டுனா கட்றான், உட்டா உடறான். எம் புள்ள இங்கதான் செத்தான்னு அவனுங்கள்ல ஒருத்தன் வாயத் தொறந்து சொல்லணும் தம்பி. எனுக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"சொல்ல வெக்கிறேன்க்கா. சபையிலயே சொல்ல வெக்கிறேன்" என்றார்.

அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். வடக்கு ஜில்லா எம்.எல்.ஏ. ஒருவர், மாமாவின் பழைய வாடிக்கை. அவர் காலில் விழுந்து கேட்டார். ஆகட்டும் பார்க்கலாம் என்றார் அவர். அடுத்த வாரம் போன ஜிப்பாவுக்கு மாமா போட்ட கஞ்சியில் அந்த மனுஷனால் காரில் உட்கார முடியவில்லையாம். நின்றுகொண்டே கத்தினாராம். "கேள்வியப் போடுங்க சார், நான் கஞ்சியக் கம்மி பண்றேன்." கேள்வி போனது. சுவர் இடிந்தது அரசுக்குத் தெரியுமா, பையன் செத்தது தெரியுமா, என்ன நடவடிக்கை என்று (அ), (ஆ), (இ). எந்தக் கேள்வியைச் சபையில் எடுப்பது என்று சீட்டுக் குலுக்கிப் பார்ப்பார்களாம், அதில் எங்கள் கேள்விதான் வந்தது. அன்றைக்கு லேனில் எல்லோரும் அம்மாவுக்கு நல்ல வார்த்தை சொன்னார்கள். செருப்போடு துரத்தின லட்சுமி அப்பாவும் வந்து, "கேலரி, நீ ஆளுய்யா" என்றார்.

மூன்று பாஸ். அம்மா பெட்டியின் அடியிலிருந்து கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டினாள். மாமா வழியெல்லாம் பெண் வீட்டுக்காரர் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். "கை தட்டக் கூடாது. கால் மேல கால் போடக் கூடாது. சத்தம் வரக் கூடாது. இருமல் வந்தா இப்பவே இருமிடுக்கா."

மேலே உட்கார்ந்ததும் அவர் காலர்களைப் பார்த்து ஆளை அடையாளம் காட்டினார். "அந்தா, மூணாவது வரிசை, மஞ்சக்கறை. எத்தினி தடவ வெளுத்தாலும் போவல. அதான் நம்ம மந்திரி."

முதலில் யாரோ யாரையோ ஏதோ சொல்லிவிட்டார் என்று ஒரே கூச்சல். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எங்கள் எம்.எல்.ஏ. எழுந்து கேள்வியின் எண்ணைச் சொன்னார். கேள்வியை அல்ல, எண்ணை மட்டும். மஞ்சக்கறை எழுந்து, "உத்தரவன்னு ஒதகிசலாகிதெ" என்று சொல்லி உட்கார்ந்தார். பதில் கொடுக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். அச்சடித்த காகிதம் ஏற்கெனவே எம்.எல்.ஏ.வின் கையில் இருந்தது.

இப்போதுதான் சப்ளிமென்ட்ரி. மாமா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். எம்.எல்.ஏ. காகிதத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "தன்யவாதகளு" என்று நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள்.

அம்மா மாமாவின் பக்கம் சாய்ந்தாள். "இன்னா தம்பி, கார்த்தி பேர எப்போ சொல்வாங்க?"

மாமா வாயைத் திறந்தார். வெள்ளை உடுப்பு போட்ட காவலர் திரும்பிப் பார்த்தார். கண்டக்டரைக் கேட்ட மனுஷன், கல்யாணத்தைக் கலைத்த மனுஷன், உப்புக்கும் காரணம் கேட்ட மனுஷன், இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, "ஷ்… பேசக் கூடாதுக்கா" என்றார்.

வெளியே வந்ததும் எம்.எல்.ஏ.வின் ஆள் காகிதத்தைக் கொடுத்தார். மாமா அதை வாங்கி, பார்க்காமல் என்னிடம் நீட்டினார். நான் கன்னடத்தில் படித்தவள். (அ) அரசின் கவனத்துக்கு வரவில்லை. (ஆ) உத்பவிசுவுதில்ல. (இ) உத்பவிசுவுதில்ல.

"அப்படின்னா?" என்றாள் அம்மா.

"அந்தக் கேள்வியே எழலன்னு அர்த்தம்மா."

அம்மா நடுரோட்டில் நின்றாள். கல்யாணப் புடவையில் அவள் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. "உப்புக்கு கேட்டியேடா! ஊரான் வூட்டு பஜ்ஜி நடுவுல கேட்டியே! எம் புள்ளைக்கு கேக்க வாய் இல்லியா ஒனக்கு?"

"வாயத் தொறந்தா வெளிய தள்ளிடுவாங்கக்கா…"

"தள்ளட்டுமே! எம் புள்ளைய தண்ணி தள்ளல?"

அன்றோடு அம்மா அவரிடம் பேசுவதை விட்டாள்.

அவர் கேலரிக்குப் போவதை விட்டார். கேள்வி கேட்பதையும் விட்டார். மரகதம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து அழுதது. "உப்பே போடாம சாம்பார் வெச்சேன்டி. துன்னுட்டு எந்திரிச்சி, தட்டயும் கழுவி வெச்சுட்டுப் போறான். எனுக்கு பயமா கீது."

அடுத்த மழைக்காலம் தொடங்கியபோது ஒருநாள் லேனில் தடதடவென்று சத்தம். எம்.எல்.ஏ. ஹாஸ்டலிலிருந்து இஸ்திரி வண்டியை ஊர் முழுக்கத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். நேராகக் கொண்டுபோய்ச் சுவர் ஓட்டையில் குறுக்காக நிறுத்தி, கம்பத்தோடு சங்கிலி போட்டுக் கட்டினார். அங்கேயே பெட்டியைச் சூடாக்கினார். சாக்கடை நாற்றத்தில் தேய்த்த சட்டையை எந்த எம்.எல்.ஏ. போடுவார்? பிழைப்பு போனது. ஆனால் ஓட்டை அடைபட்டது.

பையன் செத்ததைக் கவனிக்காத அரசாங்கம் வண்டியை மட்டும் ஒரே வாரத்தில் கவனித்துவிட்டது. லாரியில் ஆட்கள் வந்தார்கள். வண்டியை ஏன் இங்கே நிறுத்தினாய் என்று அதிகாரி கேட்டார்.

"இங்க ஒரு பையன் செத்தான் சார்."

"நமகே கொத்தில்லப்பா" என்றார் அதிகாரி. தெரியாதாம்.

"தெரியாதுன்னு அசெம்பிளிலயே சொல்லிட்டீங்க சார்" என்றார் மாமா. கோபமாகக்கூட இல்லை. வண்டியை லாரியில் ஏற்ற அவரே ஒரு கை கொடுத்தார், சக்கரம் உடையாமல் இருக்கட்டும் என்று. வண்டி திரும்பி வரவேயில்லை.

அதற்கப்புறம் மழை வந்தால் அவரே போய் அந்த ஓட்டையில் நின்றார். தலையில் ஒரு பிளாஸ்டிக் கோணி. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இந்தப் பக்கம் விடுவார். குறுக்கு வழியில் வருகிற கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்களின் ஸ்கூட்டரை மறிப்பார். ஒருநாள் நல்ல மழை. அம்மா வாசலில் நின்றிருந்தாள். அவர் யாரோ ஒருவனை நிறுத்திச் சொல்லிக்கொண்டிருப்பது காற்றில் வந்தது.

"ஓரமா போ சார். இங்கதான் எங்க கார்த்தி போனான். கார்த்தி. ரெண்டாங் கிளாஸு. நல்ல புத்திசாலி சார், கணக்கு மட்டும் கொஞ்சம் வீக்கு."

அடுத்து வந்தவளிடமும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரிடமும். பேரை விடாமல், இடத்தைக் கையால் காட்டிக்காட்டி.

அம்மா உள்ளே போய்க் குடையை எடுத்தாள். முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் அவர் தலைக்கு மேல் பிடித்தாள். "எம் புள்ள ஒண்ணும் கணக்குல வீக் இல்ல" என்றாள். "அந்த மிஸ்ஸுக்குத்தான் சொல்லிக் குடுக்க தெரியல."

"ஆமாக்கா" என்றார் மாமா.

இரண்டு பேரும் மழை விடுகிறவரை அங்கேயே நின்றார்கள்.

போன மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. நனையாதே என்று மரகதம் அத்தை கதவைப் பூட்டியும் பார்த்தது. கேட்கவில்லை. காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. சுவர் இன்னும் வரவில்லை. வரும் என்று நான் நினைக்கவும் இல்லை.

போன வாரம் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்தவள், குழாயடியில் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தாள். "வூட்ல ஆம்பளைங்க யாரும் இல்லியாக்கா?"

அம்மா குடத்தை நிமிர்த்தி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இருந்தாங்கம்மா, ரெண்டு பேரு. புள்ள ஒண்ணு, தம்பி ஒண்ணு. ரெண்டு பேரையும் மழை கொண்டு போயிடுச்சு."