சீதன வீட்டில் பன்னிரண்டாம் பரிசோதனை

வெள்ளிக்கிழமைக்குள் சிவராசாவுக்கு ஒரு வீடு தேவைப்பட்டது. குடியிருக்க இல்லை, பரிசோதிக்க.

சண்டை ஓய்ந்து பாதை திறந்து இரண்டு வருசம். தர்மபுரத்துக்கு வீட்டுத் திட்டம் வந்திருந்தது. உடைந்த வீடுகளில் எது நிற்கும், எது விழும் என்று எழுத லைசென்ஸ் உள்ள பரிசோதகர் வேண்டுமாம். சிவராசா பேர் கொடுத்தார். இரண்டு கிழமை வகுப்பு. பிறகு களப்பயிற்சி. பன்னிரண்டு வீடு பார்த்து, ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். பன்னிரண்டாவது வீட்டைப் பார்க்கும்போது திட்டத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர், ரீ.ஓ. ஜனகன், பக்கத்தில் நிற்பார். அதில் பிழை விட்டால் திரும்பவும் ஒன்றிலிருந்து.

பதினொன்று முடிந்தது. முடிந்த விதம்தான் சரியில்லை. சுவரைச் சுத்தியல் பிடியால் தட்டிச் சத்தம் கேட்க வேண்டும் என்று வகுப்பில் படிப்பித்திருந்தார்கள். பதினோராவது வீட்டில், சிவராசா அன்னபாக்கியத்தின் குசினிச் சுவரைத் தட்டினார். சுவர் விழுந்தது. "விழக்கூடிய நிலை" என்று படிவத்தில் எழுதினார். பொய்யில்லை. அன்னபாக்கியம் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் ஏசத் தொடங்கினா. பின்னேரத்துக்குள் ஊர் முழுக்க வாசல் படலையைச் சாத்திவிட்டது.

சிவராசா ஜனகனிடம் போனார்.

"சேர், என்ர வீட்டைப் பார்ப்பமே?"

"சொந்த வீடு பார்க்கேலாது அண்ணை. விதி அப்பிடி."

"சொந்த வீடில்லை சேர். மனுசியின்ர சீதனம். காணி உறுதி அவவின்ர பேரில."

"அப்ப உங்களுக்கு அதில உரிமை இல்லையெண்டு ஒரு கடிதம் தாங்கோ. ரண்டு பேரும் கையெழுத்து வைக்கோணும்."

"அதென்ன பெரிய வேலையே!"

பெரிய வேலைதான். பதினாலு வருசமாக அந்த வீட்டைப் பற்றிச் சிவராசா சொல்லி வந்தது ஒரே வசனம்: "இது என்ர வீடு." மனைவி அருந்ததி விறாந்தையில் தையல் வகுப்பு வைக்கக் கேட்டா. இரண்டு மெசின் அறைக்குள் சீலை மூடிக் கிடந்தது. ஒன்பது பெட்டைகள் பேர் தந்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஆனால் பின்னேரம் நாலு மணியென்றால் விறாந்தையில் முந்நூற்றிநாலு சீட்டாட்டம். சிவராசா, சுடலைமுத்து, இன்னும் இரண்டு பேர், ஒரு கட்டுக் காட்ஸ். "என்ர வீட்டு விறாந்தையில மெசின் ஓடேலாது" என்று சொன்னால் அதோடு கதை சரி.

அப்படிப்பட்டவர் அன்றைக்கு ஒரு கடதாசியோடு குசினி வாசலில் நின்றார்.

"இஞ்சேரும், ஒரு கையெழுத்து வேணும்."

விசயத்தைக் கேட்டு முடிக்கும்வரை அருந்ததி சிரிக்கவில்லை. சுளகை இறக்கி வைத்தா.

"முதல் நீங்கள் எழுதுங்கோ. வாசிச்சுப் பார்ப்பம்."

எழுதினார். அவா வாசித்தா.

"‘எனக்குப் பெரிதாக உரிமை இல்லை.’ பெரிசா எண்டால்? சின்னனா இருக்கோ?"

"அது ஒரு மரியாதைக்கு..."

"ரீ.ஓ.வுக்கு மரியாதை வேணுமோ, உண்மை வேணுமோ?"

வெட்டினார்.

"வீடு எண்டு மட்டும் போட்டிருக்கிறியள். விறாந்தை எங்க?"

"விறாந்தையும் வீடுதானே!"

"போன கிழமை, ‘விறாந்தை ஆம்பிளையளின்ர இடம், வீட்டுக்குள்ள இருக்கிற உமக்கு அங்க என்ன வேலை’ எண்டனீங்கள். அப்ப அது வேற இடமெல்லோ? போடுங்கோ."

போட்டார். நாலாவது முறை எழுதினதுதான் அவாவுக்குப் பிடித்தது. அதையும் இரண்டு பிரதி எழுதச் சொன்னா.

"ரண்டெண்டால் ஆருக்கு?"

"ஒண்டு ரீ.ஓ.வுக்கு. மற்றது வீட்டுக்காரிக்கு."

வெள்ளிக்கிழமை ஜனகன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். விதிப்படி பரிசோதகர் படலையில் நின்று தன்னை அறிமுகப்படுத்த வேண்டும். சிவராசா காலையில் திறந்து வெளியே போன அதே படலையைத் தட்டினார்.

"வணக்கம் அம்மா. நான் சிவராசா, பயிற்சிப் பரிசோதகர். உள்ள வரலாமோ?"

"காலைக் கழுவிப்போட்டு வாங்கோ தம்பி."

பதினாலு வருசத்தில் அவர் கால் கழுவிவிட்டு உள்ளே போனது அன்றைக்குத்தான்.

தூக்குக்குண்டு பிடித்தார். கதவு நிலைகளைப் பார்த்தார். சுவரைப் பயந்து பயந்து தட்டினார். விழவில்லை. ஜனகன் தலையாட்டினார். கடைசியில் ஒரு நிரல் இருந்தது: ஒவ்வொரு பகுதியையும் என்னத்துக்குப் பாவிக்கிறார்கள், அதுக்கு அது உகந்ததா? விறாந்தைக்கு நேரே "இளைப்பாற" என்று சிவராசா எழுதத் தொடங்கினார்.

"அண்ணை, நீங்களா எழுதக்கூடாது. வீட்டுக்காரியைக் கேளுங்கோ."

கேட்டார்.

"தையல் வகுப்புக்கு. ஒன்பது பெட்டையள், ரண்டு மெசின். வாற திங்கள் தொடக்கம்."

"இஞ்சேரும்..." என்றார் சிவராசா.

"அம்மா எண்டு சொல்லுங்கோ அண்ணை" என்றார் ஜனகன்.

சிவராசா முகட்டைப் பார்த்தார். மூளை வேலை செய்தது. "சேர், விறாந்தை உகந்ததில்லை. கைமரத்தில கறையான்."

ஜனகன் மேசையில் ஏறினார். திருப்புளியால் ஒவ்வொரு கைமரமாகக் குத்தினார். உள்ளே போகவில்லை. கறையானும் இல்லை.

"எங்க கறையான்?"

"இனி வரும் சேர்."

"அண்ணை, இருக்கிறதை எழுதத்தான் லைசென்ஸ். இதைப் பிழையா எழுதினால் பன்னிரண்டும் ரத்து. திரும்ப ஒண்டிலயிருந்து தொடங்கோணும்."

ஒன்றிலிருந்தா? ஒரு படலைகூடத் திறக்காத ஊரிலா? சிவராசா பேனையைப் பார்த்தார். அருந்ததியைப் பார்த்தார். அவா நல்ல வீட்டுக்காரி மாதிரி, ரீ.ஓ.வுக்குத் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு நின்றா. அவர் எழுதினார்: "தையல் வகுப்புக்கு மிகவும் உகந்தது." "மிகவும்" ஜனகன் சொல்லிப் போட்டது.

திங்கள் பின்னேரம் சிவராசாவின் கழுத்தில் லைசென்ஸ் தொங்கியது. சுடலைமுத்து காட்ஸ் கட்டோடு, மற்ற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். விறாந்தையில் இரண்டு மெசின் டக் டக் என்று ஓடியது. ஒன்பது பெட்டைகளும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்னடாப்பா இது?"

"விறாந்தை தையலுக்கு உகந்ததாம்."

"எந்த மடையன் சொன்னவன்?"

சிவராசா லைசென்ஸைச் சேட்டுக்குள் விட்டார். "வா, பின்னால கொட்டில் இருக்கு."

விறகு அடுக்கும் கொட்டில். நாலு பேரும் விறகைத் தள்ளிவிட்டுக் குந்தினார்கள். காட்ஸ் போட்டு முடியவில்லை, அருந்ததி கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றா.

சிவராசா துள்ளி எழும்பினார். "இஞ்சேரும்! இந்தக் கொட்டில் நான் தடி வெட்டி, நான் கிடுகு வேய்ஞ்சு, நான் போட்டது. உம்மட உறுதியிலயும் இல்லை, அந்தக் கடிதத்திலயும் இல்லை!"

"ஆர் இல்லையெண்டது? கொட்டில் உங்கடதான். கழட்டித் தோளில வைச்சுக்கொண்டு போங்கோ. நிலம் என்ர."