வெந்தய பிஸ்கட்டின் ஒரே வாடிக்கையாளர்

பேக்கரிக்காரர் கூண்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எலியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு கடி. என் மானத்தைக் காப்பாத்து."

எலி பிஸ்கட்டை முகர்ந்துவிட்டு, மூலைக்குப் போய் முதுகைக் காட்டியது. எலியைக் குறை சொல்ல முடியாது. உடம்புக்கு நல்லது என்று அவர் மனைவி கண்டுபிடித்த வெந்தய பிஸ்கட் அது. அதை ஒரு தடவை வாங்கியவர்கள் உண்டு. மறு தடவை வாங்கியவர்கள் இல்லை. சரக்கறையில் டின் டின்னாகத் தூங்கியது. பக்கத்துத் தட்டிலிருந்த வெண்ணெய் கேக்கோ தினமும் கால்வாசி காணாமல் போய்க்கொண்டிருந்தது.

யோசனை மச்சினனுடையது. ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்பவன்.

"எலி புதுசா எதையும் நம்பாது மாமா. ஆனா இன்னொரு எலி வாயில அந்த வாசனை வந்துட்டா, அப்புறம் அதைத்தான் தேடித் தின்னும். ஒண்ணைப் பிடிச்சு அக்கா பிஸ்கட்டைத் தின்ன வச்சு விட்டுடுங்க. மத்ததெல்லாம் கேக்கை மறந்துடும்."

முதல் எலியே வாயைத் திறக்க மாட்டேன் என்றால் என்ன செய்வது? பேக்கரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தானே ஒரு பிஸ்கட்டை மென்று, கூண்டருகே வாயை வைத்து "ஹா" என்று ஊதினார். எலி அசையவில்லை. இன்னொன்றைத் தின்று ஊதினார். அந்த வாரம் முழுக்க எலிக்கு அவர்தான் எலி. கடைசியில் பசியோ பரிதாபமோ, அது ஓர் ஓரத்தைக் கொறித்தது. சட்டென்று கூண்டைத் திறந்துவிட்டார்.

மறுநாள் கேக் முழுசாக இருந்தது. வெந்தய பிஸ்கட் டின் ஒன்று காலி.

அந்த நேரம் பார்த்தா மனைவி உள்ளே வர வேண்டும்?

"அட, வித்துடுச்சா?"

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபின் எலி என்ற சொல் அவர் தொண்டையைத் தாண்டவில்லை.

"ஒருத்தர் மொத்தமா எடுத்துக்கிட்டார்" என்றார்.

அவள் அன்றே இரண்டு மடங்கு சுட்டாள். அதுவும் தீர்ந்தது. அடுப்பு முழுக்கப் பிஸ்கட் ஏறியது. கேக் கேட்டு வந்தவர்கள் எதிர்க்கடைக்கு நடந்தார்கள்.

"அந்த மனுஷன் எப்படிப்பட்டவருங்க?"

"கூச்ச சுபாவம். ஆளைப் பார்த்தா ஓடி ஒளிஞ்சுக்குவார்."

"குடும்பஸ்தரா?"

"ரொம்பப் பெரிய குடும்பம்."

"அப்ப எல்லாரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடணும். நானே வந்து கூப்பிடறேன்."

சொன்னபடியே மறுநாள் நல்ல உடுப்பாக உடுத்திக்கொண்டு கடையில் வந்து நின்றாள். இனி மூடி மறைக்க முடியாது. மாவு பிசைந்துகொண்டிருந்த மாஸ்டரும் ஆட்களும் பார்க்கப் பார்க்க, பேக்கரிக்காரர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்: மச்சினன் யோசனை, கூண்டு, ஊதல், எல்லாம்.

அவள் மெல்ல ஒரு மாவு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"அப்ப இத்தனை நாளா நான் எலிக்கா சுட்டேன்?"

மாஸ்டர் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"எலிமேல பழி போடாதீங்கம்மா, அந்த ஒண்ணு அன்னிக்கே ஊரை விட்டு ஓடியிருக்கும். கேக்கைத் தின்னதெல்லாம் நாங்கதான். முதலாளியே கேக்கைத் தொடாம எந்நேரமும் வாயில வெந்தயம் மணக்க நிக்கிறாரே, அதுல ஏதோ விஷயம் இருக்கும்னுதான் இதுக்கு மாறிட்டோம்."