டீசல் முள்ளுக்கு வந்த நோய்

என்ன ஆனாலும் சரி, வண்டிச் சாவியை மட்டும் மனைவியிடம் கொடுப்பதில்லை என்று அவர் முடிவு கட்டினார். முடிவு கட்டிய இடம், பிக்கப் வண்டியின் அடிவயிறு. கட்டிய சூட்டோடு கையை நீட்டி, டீசல் டேங்கின் தலையில் செருகியிருந்த வயர் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். வெளியே வந்து சாவியைத் திருப்பிப் பார்த்தார். அரை டேங்க் காட்ட வேண்டிய முள், காலிக் கோட்டில் கட்டையாகக் கிடந்தது. பரம திருப்தி.

விஷயம் இதுதான். மனைவிக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. அதுவும் முதல் தடவையிலேயே. இவருக்கு மூன்றாவது தடவைதான் வந்தது என்பதை வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசாமலே எல்லோருக்கும் ஞாபகமிருந்தது. கொல்லையில் அவள் நடத்தும் செடி வியாபாரத்தில் பதியன் போடுவது அவள், விலை பேசுவது அவள், வாடிக்கைக்காரர்கள் தேடி வருவதும் அவளைத்தான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தால் மட்டும்தான் இவர் மனிதர். அந்த இடமும் போய்விட்டால் இவரும் கொல்லையில் இன்னொரு தொட்டி. வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குச் செடி கொண்டு போகணும். நானே ஓட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"தாராளமாப் போ. ஆனா டீசல் முள்ளு படுத்துடுச்சு. எவ்வளவு இருக்குன்னே தெரியல. நடுரோட்டுல நின்னா என்ன பண்ணுவே?"

"நீங்க நின்னா என்ன பண்ணுவீங்க?"

"நான் ஏன் நிக்கறேன்? டேங்கைத் தட்டிப் பாப்பேன். சத்தத்துலயே சொல்லிடுவேன். அனுபவம்மா, அனுபவம்!"

"அப்ப அந்த அனுபவத்தை வச்சு ரிப்பேர் பண்ணுங்க."

ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாயைப் போல முகத்தை வைத்துக்கொண்டு அவர் மறுபடி வண்டிக்கு அடியில் போனார். கையில் ஸ்பானர், கக்கத்தில் பழைய போர்வை. ஸ்பானர் ஊருக்கு, போர்வை உடம்புக்கு. குறட்டை சூடு பிடிக்கும் நேரத்தில் முகத்துக்கு நேரே இரண்டு செருப்புகள் வந்து நின்றன.

"என்னங்க, ஃபியூஸ் பாத்தீங்களா?"

"ஆங்... பாத்தாச்சு, பாத்தாச்சு."

"எர்த் வயர்? அதுல துரு ஏறினாலும் முள்ளு படுத்துக்குமாம்."

"யாரு சொன்னது?"

"போன்ல ஒருத்தர் வீடியோ போட்டிருக்கார். அப்புறம், டேங்க் மேல ஒரு பிளக் இருக்குமாம், அதைக் கழட்டி..."

டங்கென்று தலை சைலன்ஸரில் மோதியது.

"கழட்டியாச்சு! முதல் வேலையா அதைத்தான் கழட்டினேன்!"

அன்று முழுவதும் அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான்.

"அப்ப எங்கே கோளாறு?"

"டேங்குக்குள்ள மிதவைன்னு ஒண்ணு இருக்கு. டீசல் ஏறினா ஏறும், இறங்கினா இறங்கும். அது எங்கேயோ சிக்கிக்கிச்சு. டேங்கையே கீழ இறக்கணும். இறக்கணும்னா டேங்க் காலியாகணும். அதுவரைக்கும் நானே ஓட்டித் தீத்துடறேன். உனக்கு எதுக்கும்மா ரிஸ்க்?"

"ஐயோ, என்மேல எவ்வளவு அக்கறை!" என்றாள்.

அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. வண்டிக்கு அடியிலிருந்து பார்த்தால் செருப்புதான் தெரியும். செருப்பில் சந்தேகத்தின் சாயல் எதுவும் இல்லை.

மறுநாள் காலை எழுந்து வந்தால், வாசலில் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்ப் பொட்டு மட்டும் இருந்தது. சட்டைப்பையைத் தடவினார். சாவி பத்திரமாக இருந்தது. வண்டி வாங்கும்போது இரண்டு சாவி கொடுத்தார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பதறிப்போய் போனைப் போட்டார்.

"எங்கேம்மா இருக்கே? டீசல்!"

"பங்க்லதாங்க. வழிய வழிய ரொப்பிட்டேன். டேங்க் நிறைஞ்சிருந்தா முள்ளு எதுக்கு? ஓடற கிலோமீட்டரைப் பாத்தா போதுமே."

"ஆனா... ரிப்பேர் பண்ணணும்னா காலியாகணுமே?"

"நான் எங்கே காலியாக விடப்போறேன்? பாதி குறைஞ்சாலே ரொப்பிடுவேன். நீங்க வீட்டுல நிம்மதியா இருங்க. முள்ளு படுத்த வண்டி. உங்களுக்கு எதுக்குங்க ரிஸ்க்?"

போன் வைக்கப்பட்டது. தன் வாயால் தானே வெட்டிய குழியின் ஆழத்தைப் பார்த்துக்கொண்டு அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். யோசிக்க யோசிக்க, ஏறி வர ஒரே வழிதான் தெரிந்தது. பிளக்கைச் செருகிவிட வேண்டியது. 'மிதவை தானா விடுபட்டுடுச்சு, நான் தட்டின தட்டு அப்படி' என்று அறிவித்துவிட்டு, மறுபடி சீட்டில் ஏறி உட்கார வேண்டியது. நடுவில் நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொண்டாலும் நஷ்டமில்லை.

மதியம் அவள் வந்தாள். வண்டியை ஒரே மூச்சில் பின்னால் எடுத்து, சுவரோரம் ஒட்டினாற்போல நிறுத்தினாள். இவர் எடுத்தால் நாலு முறை முன்னும் பின்னும் ஆகும். முகம் கழுவ அவள் உள்ளே போனதுதான் தாமதம், அவர் அடியில் பாய்ந்தார்.

டேங்கின் மேலே கையை விட்டுத் துழாவினார். பிளக் அகப்பட்டது. ஆனால் வழுவழுவென்று என்னவோ சுற்றியிருந்தது. இழுத்துப் பார்த்தார். பாலிதீன் தாள். ஒட்டுப் போட்ட கிளைக்குக் கட்டுவதுபோல அடுக்கடுக்காகச் சுற்றி, நூலால் அழகாக முடிச்சுப் போட்டிருந்தது. இந்த வீட்டில் அப்படி முடிச்சுப் போடத் தெரிந்த கை ஒன்றுதான்.

செருப்புகள் வந்து நின்றன. பக்கத்தில் ஒரு டம்ளர் டீயும் இறங்கியது.

"கழட்டினா மூடி வைக்க வேணாமாங்க? தண்ணி பட்டா நிஜமாவே கெட்டுப் போயிடும்."