சோர்ஸ்காரச் சகலை

கணினி வைத்திருப்பவர்களில் சோர்ஸ்காரர் என்றொரு இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். உங்களையும் என்னையும் போன்ற சாமானியர்கள் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் என்ன செய்வோம்? ஒரு பொத்தானை அமுக்குவோம். அது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும், நாம் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். சோர்ஸ்காரருக்கு அந்தப் பொத்தானைக் கண்டாலே ஆகாது. யாரோ கட்டித் தந்த பொட்டலத்தைப் பிரித்து உபயோகிப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். அந்த மென்பொருளின் மூலநிரலை, அதாவது சோர்ஸ் கோடை, மூட்டையாக இறக்கி, தன் கையால், தன் கணினியை மூச்சு வாங்க வைத்து, முதல் வரியிலிருந்து கட்டி எழுப்பினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அப்போதாவது வருமா என்றால் அதுவும் வராது. புதுப் பதிப்பு வந்திருக்குமே!

"ஏன் இந்தப் பாடு?" என்று கேட்டுப் பாருங்கள்.

"உள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியணும்ல?" என்பார்.

நியாயம்தான். அப்படியானால் அந்த மூலநிரலைப் படித்துப் பார்த்தாரா? ஒரு வரிகூட இல்லை.

வேலை நடக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடும். அவர் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் தன் பிள்ளை முதலாவதாக வருவதைப் பார்க்கும் தகப்பனைப் போல நிற்பார். நடுவில் மஞ்சளாக ஏதோ வரும். நமக்குப் பதறும். "அது வார்னிங்தான், எரர் இல்ல" என்பார். சிவப்பாக வரும். "எரர்தான், ஆனா பெரிய எரர் இல்ல" என்பார். ஓட்டம் மொத்தமாக நின்றுபோகும். "இது நான் எதிர்பார்த்ததுதான்" என்பார். எதிர்பார்த்தவர் ஏனய்யா ஆரம்பித்தார்? எப்போது முடியும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்த இனம் முழுவதற்கும் ஒரே பதில்தான். "ரெண்டே நிமிஷம்."

என் சகலை இந்த இனத்தில் முதல் தரம். என் மனைவியின் தங்கை பல் டாக்டர். அவளைக் கட்டியவர் இவர். அவளுடைய கிளினிக்கில் முன்னறையில் பல் பிடுங்கும் நாற்காலியும் பின்னறையில் ஒரு பெரிய கணினியும் உண்டு. முன்னறை அவள் ராஜ்ஜியம், பின்னறை இவர் ராஜ்ஜியம். அந்தப் பெரிய கணினிக்குள் இன்னொரு கணினி பாவனையாக ஓடுகிறது. மெய்நிகர் கணினி என்பார்கள். ஒரு வீட்டைத் தடுத்து உள்ளே குடித்தனம் வைப்பது போலத்தான். நோயாளிகளின் எக்ஸ்ரே படங்கள் எல்லாம் அந்தக் குடித்தனத்தில்தான் இருக்கின்றன. புதிதாகப் படம் எடுத்தாலும் நேரே அங்கேதான் போகும். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் ஒரு பொழுது மக்கர் செய்ததில்லை.

அதுதான் சகலைக்குப் பொறுக்கவில்லை. மெய்நிகர் கணினிகளை உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்து மேற்பார்வை பார்க்க ஒரு கருவி இருக்கிறதாம். பச்சைப் பொத்தானைத் தட்டினால் கணினி எழுந்திருக்குமாம், சிவப்பைத் தட்டினால் படுத்துக்கொள்ளுமாம். பெரிய நிறுவனங்களில் நூற்றுக்கணக்கில் ஓடுகிறவற்றைக் கட்டி மேய்க்க யாரோ புண்ணியவான்கள் செய்தது. இங்கே இருப்பதோ ஒரே ஒரு குடித்தனம். அதற்கு ஒரு மேனேஜரா? சரி, ஆசைப்படுகிறார், பொட்டலமாக இறக்கிப் போட்டுத் தொலைக்கலாம் அல்லவா? கேட்டேன். ரெடிமேட் சட்டை போட்டவனைப் பார்க்கும் தையல்காரர் மாதிரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலையில் நான் அந்த நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால். பாதி போன வாரமே முடிந்திருந்தது. மீதிப் பாதிக்காக மச்சினி ஊசி போட்டு, தாடை மரத்துப்போனதும் பல்லைத் திறந்து, வாயில் ரப்பர் விரிப்பை மாட்டி, எச்சில் உறிஞ்சும் குழாயையும் தொங்கவிட்டாள். போன வாரத்துப் படத்தைப் பார்க்கத் திரையின் பக்கம் திரும்பினாள். திரையில் ஒன்றும் இல்லை.

"ஏங்க! மாமாவோட எக்ஸ்ரே வரல!"

பின்னறையிலிருந்து குரல் மட்டும் வந்தது. "நான்தான் மிஷினை நிறுத்தி வெச்சிருக்கேன். புது டூலை ஏத்திட்டிருக்கேன்ல? ரெண்டே நிமிஷம்!"

எழுந்து ஓடலாமென்றால் வாயில் பாதி கிளினிக் இருக்கிறது. "ஆ... ஆ..." என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

"பயப்படாதீங்க மாமா, படம் இல்லாம நான் கை வைக்க மாட்டேன்" என்றாள் மச்சினி. "ஆனா ஊசி வேகம் இறங்கறதுக்குள்ள முடிச்சாகணும். திறந்த பல்லு, வலி தாங்காது."

இதைக் கேட்டும் அந்த மனிதர் பதறவில்லை. பின்னறையிலிருந்து நேர்முக வர்ணனை தொடர்ந்தது. கருவிக்கு ஒரு நூலகம், அதாவது யாரோ எழுதிவைத்த துணை நிரல் தொகுப்பு, வேண்டுமாம். அதைக் கூப்பிட்டால், நான் தனியாக வரமாட்டேன், இன்னொரு நூலகமும் வந்தால்தான் வருவேன் என்றதாம். அந்த இன்னொன்றுக்கு, மூலநிரலைக் கட்டி எழுப்பும் கம்பைலர் புதிதாக வேண்டுமாம். முதலாவதற்கோ பழைய கம்பைலர்தான் ஆகுமாம். கோபித்துக்கொண்ட சம்பந்திகளைச் சமாதானம் செய்வது போல அவர் ஒவ்வொன்றாகத் தாஜா செய்துகொண்டிருந்தார். இங்கே என் உதட்டோரம் லேசாக உணர்வு வர ஆரம்பித்தது. நல்ல அறிகுறி என்று நினைப்பீர்கள். இல்லவே இல்லை!

"சே! டிஸ்க் ஃபுல்லாமே!" என்று ஒரு சத்தம். பிறகு அவரே தனக்குத்தானே பேசிக்கொள்வது கேட்டது. "இது என்னடா இவ்ளோ பெரிய ஃபைலு? பேரும் புரியல, ஒண்ணும் புரியல. எவன் இதை இங்க போட்டது? தூக்கிடுவோம்."

மச்சினி கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்தாள். கண்ணை மட்டும் மூடித் திறந்தாள்.

அதற்கப்புறம் எல்லாம் அமோகமாக நடந்தது. மஞ்சள் இல்லை, சிவப்பு இல்லை, நூலகங்கள் எல்லாம் ஒற்றுமையாகக் கைகோத்துக்கொண்டன. என் பல்லுக்குள் யாரோ சூடான கம்பியை வைத்துத் தட்டிப் பார்க்கத் தொடங்கிய அதே நேரத்தில், சகலை மடிக்கணினியை ஏந்திக்கொண்டு முன்னறைக்குள் ஓடி வந்தார். வேர்வையிலும் முகம் ஜொலித்தது.

"பாருங்க சகலை! சோர்ஸ்லேருந்து! ஒரு எரர் இல்ல!"

பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, அழகான பக்கம். இடது பக்கம் பட்டியல், மேலே பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான், மூலையில் சுற்றும் ஒரு சின்னச் சக்கரம். நடுவில் பெரிய எழுத்தில் ஒரு வரி: 'மெய்நிகர் கணினிகள்: எதுவும் இல்லை.'

"என் மிஷின் எங்க?" என்றாள் மச்சினி.

"இங்கதான் வரணும். ரிஃப்ரெஷ் பண்ணினா..."

பண்ணினார். எதுவும் இல்லை. இன்னொரு தரம் பண்ணினார். எதுவும் இல்லை என்று முன்னைவிடத் தெளிவாகச் சொன்னது.

"அந்தப் பெரிய ஃபைல்..." என்று இழுத்தவர், பாதியிலேயே நிறுத்தித் திருதிருவென்று விழித்தார். ஆமாம். அந்த மெய்நிகர் கணினி மொத்தமும் அந்த ஒரே ஃபைலுக்குள்தான் இருந்தது. மேனேஜருக்கு நாற்காலி போட இடம் இல்லையென்று, இருந்த ஒரே குடித்தனத்தையும் வீட்டோடு இடித்துவிட்டார். ஊரில் உள்ள கடைவாய்ப் பற்கள் அத்தனையும் அதில் போயின. என்னுடையதும்தான். "ஆ!" என்று கத்தினேன். இந்த முறை அதற்கு ஏகப்பட்ட அர்த்தம் இருந்தது, அச்சில் ஏற்ற முடியாது.

மச்சினி கத்தவில்லை. அலமாரியைத் திறந்தாள். பிளாஸ்டரில் வார்த்த பல் அச்சுகளை ஒதுக்கினாள். அவற்றுக்குப் பின்னாலிருந்து உள்ளங்கை அளவில் ஒரு வட்டை வெளியே எடுத்தாள்.

"மொத்த மிஷினையும் வெள்ளிக்கிழமையே காப்பி எடுத்து வெச்சுட்டேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"திங்கட்கிழமை புது டூல் ஏத்தறேன், ரெண்டே நிமிஷம்னு அன்னைக்குச் சொன்னீங்கல்ல? அப்பவே தெரிஞ்சுது."

சகலையின் முகத்தில் உயிர் திரும்பியது. அந்த வட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எனக்குக்கூட அவர்மேல் இரக்கம் வந்தது. அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். "சூப்பர்! இதைப் படிக்கிற டிரைவர் மட்டும் கொஞ்சம் பழசு. சோர்ஸ்லேருந்து கட்டிட்டேன்னா..."

மச்சினி அவர் கையிலிருந்து வட்டைப் பிடுங்கிக்கொண்டாள். அவரை நாற்காலி ஓரமாக நிறுத்தி, என் எச்சில் குழாயைக் கையில் கொடுத்து, "இதை மட்டும் பிடிங்க, வேற எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனாள். புது டூலை அழித்து இடம் பண்ணிக் காப்பியைத் திரும்பப் போட்டாள், ஏற்கெனவே இருந்த பழைய கட்டளையால் மிஷினை எழுப்பினாள், என் படத்தைத் திரைக்குக் கொண்டுவந்தாள். நேரம் பிடித்தது. அதற்குள் ஊசியின் வேகம் சுத்தமாக இறங்கி, எனக்கு என் மூதாதையர் பற்கள்கூட வலித்தன. மறுபடி ஊசி. மறுபடி 'ஆ'. சகலை குழாயைப் பிடித்தபடியே குனிந்து என் காதில், "டூல் நல்லாத்தான் இருந்துச்சு சகலை, டிஸ்க்தான் சின்னது" என்றார்.

சோர்ஸ்காரர் திருந்தமாட்டார், விடுங்கள். என் கவலை உங்களைப் பற்றித்தான். கதையில் டிஸ்க் நிறைந்துபோன இடத்தில், 'அட, வேற பார்ட்டிஷன்ல வெச்சுக் கட்டியிருக்கலாமே, நானா இருந்தா ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருப்பேன்' என்று உங்கள் மனதுக்குள் ஒரு குரல் கேட்டதா? கேட்டதல்லவா? அப்படியானால் ஒன்றே ஒன்று. இந்த வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டில் யாராவது அலமாரிக்குள் எதையோ ஒளித்து வைப்பதைப் பார்த்தால், என்னவென்று கேட்காமல் பேசாமல் போய்விடுங்கள்.