மாரியாயிக்கு ஒரு பகல் நேர நாற்காலி

அன்பில் குறைவில்லாத, யோசனையில் மட்டும் கொஞ்சம் குறைவுள்ள என் தம்பி மகன் மார்வினுக்கு, கிள்ளானிலிருந்து உன் அத்தை பிலோமினா எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முட்டிவலியும் சேர்ந்தே சுகம். அங்கே செராஸில் நீயும் ஆட்ரியும் உங்கள் நாயும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஞாயிறு பூசையில் மறக்காமல் கேட்டுக்கொள்கிறேன். நாயின் பெயர் என் வாயில் நுழைவதில்லை, அதனால் அதைப் பொதுவாகக் குடும்பத்தோடு சேர்த்துக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இணையத்தில் நீ நடத்துகிற பக்கத்தில், பகலிலேயே உட்கார்ந்து குடிக்க நல்ல இடங்கள் என்று ஒரு பட்டியல் போட்டாயே, அதை நம்பி நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ "ஓகே அத்தை, ஓகே அத்தை" என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. உட்கார்ந்து படி.

பதறாதே, உன் அத்தை கெட்டுப்போகவில்லை. மாரியாயியை உனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூட ஆபீசில் கிராணியாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அங்கே கேன்டீன் நடத்தியவள், உன் புதுநன்மை விருந்துக்குப் பிரியாணி கிண்டியவள். இப்போது மேருவில் தனியாக இருக்கிறாள். அவள் மகன் தனேஷ் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் வீடு வாங்கிவிட்டான். இந்த மாதக் கடைசியில் அம்மாவை ஒரேயடியாக அழைத்துக்கொள்ளப் போகிறான். நல்ல பிள்ளை, ஒரு குறை சொல்ல முடியாது, அதுதான் கஷ்டம். கெட்ட பிள்ளையாக இருந்தால் போகாதே என்று நானே மறித்திருப்பேன். அவள் போவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, மார்வின். இந்த வயதில் புதிதாக ஒரு சிநேகிதியை நான் எங்கே போய்த் தேடுவது? அப்படியிருக்கும்போது ஒருநாள் என் வீட்டுக் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டே, "போறதுக்குள்ள எனக்கு ஒரே ஒரு ஆசை பிலோ" என்றாள். பத்துமலை முருகன் கோயிலுக்குக் கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். "பகல்ல, ஒரு கடைல நாற்காலி போட்டு ஒக்காந்து, ஒரு ஸ்டவுட் குடிக்கணும்" என்றாள்.

சிரிக்காதே. மாரியாயி தன் வாழ்நாளில் ஸ்டவுட் என்கிற அந்தக் கறுப்பு பீரைக் குடித்தது மூன்று முறை, மூன்று முறையும் பிள்ளை பெற்றபோது. பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்லது என்று மாமியார் அதில் பச்சை முட்டையை அடித்து ஊற்றி, அடுப்பங்கரையில் சில்வர் தம்ளரில் கொடுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக் குடிக்கச் சொல்வாராம். அது மருந்து. அவள் புருஷன் நாகையா குடித்ததற்கு அந்தச் சாக்கு கிடையாது. லோரி ஓட்டிய மனிதர். சனிக்கிழமை மத்தியானம் கடைக்குள் நுழைந்தால் வெளியே வர மாட்டார். இவள் கடைக்கு எதிரே கால்வாய் ஓரமாக வெயிலில் நிற்பாள். பொம்பளை உள்ளே போகக்கூடாது. வெளியே இருந்து கத்திக் கூப்பிட்டாலும் மானம் போய்விடும். அவர் போய்ச் சேர்ந்து இத்தனை வருடம் ஆன பிறகும், உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்ற கேள்வி அவளை விட்டுப் போகவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் விமானம் ஏற மாட்டேன் என்கிறாள். நான் என்ன செய்ய? உன் பட்டியலை எடுத்தேன்.

முதலில் நீ முதலிடம் கொடுத்த பிரிக்பீல்ட்ஸ் கடை. இருவரும் நல்ல புடவை கட்டி, கைப்பை, குடை சகிதம் கொமுட்டர் ரயிலில் போய் இறங்கி, வேர்க்க விறுவிறுக்க நடந்து, கடை வாசலில் காலை வைத்தோம். நீ 'நட்பான சூழல்' என்று எழுதியிருந்தாய். எங்களைப் பார்த்ததும் நட்பெல்லாம் எழுந்து ஓடியது. ஒருவர் மேசைக்கு அடியில் எதையோ தேடப் போனவர் மேலே வரவே இல்லை. இன்னும் இரண்டு பேர் சமையலறை வழியாகப் போய்விட்டார்கள். கடைக்காரர் ஓடி வந்தார்.

"அக்கா, ராதாகிருஷ்ணன் இன்னிக்கு வரல லா. சத்தியமா வரல."

"எந்த ராதாகிருஷ்ணன்?" என்றேன்.

"அப்ப நீங்க யார தேடுறீங்க?"

"யாரையும் தேடல. குடிக்க வந்தோம்."

"கோவத்துல சொல்றீங்க" என்றார் அவர், மிகவும் பணிவாக.

நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை முறைத்துப் பார்த்தே பழகியவள். அந்தப் பார்வை இன்னும் முகத்தை விட்டுப் போகவில்லை போலிருக்கிறது. கடைசி மேசையில் இருந்த ஒரு மனிதர் எழுந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கல்லாவில் பணத்தைக் கட்டிவிட்டு, எங்கள் முன்னால் வந்து தலை குனிந்து நின்றார். பெயர் கன்னையாவாம். "சரி வாங்கக்கா, போலாம். மலர் வெளிய கார்ல இருக்காளா?" என்றார். மலர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது என்று எவ்வளவோ சொன்னேன். "பரவால்லக்கா, சண்ட வேணாம், நானே வரேன்" என்று என் குடையை வாங்கி எங்கள் இருவருக்கும் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார். திருந்தி வந்த மனிதரைத் திரும்பிப் போய்க் குடி என்று எந்த வாயால் சொல்வது? கிராப் கார் பிடித்து, கம்போங் மேடானில் அவருடைய பிளாட் வரைக்கும் கொண்டுபோய் விட்டோம். அவர் மனைவி மலர் கதவைத் திறந்து, பகல் வெளிச்சத்தில் நிதானமாக நிற்கிற புருஷனைப் பார்த்து அழுதேவிட்டது. எங்களை உட்காரவைத்துத் தே தாரிக் கலந்து கொடுத்து, போட்டோ எடுத்து, என் நம்பரையும் வாங்கிக்கொண்டது. ஸ்டவுட் குடிக்கப் போனவர்கள் டீ குடித்துவிட்டுத் திரும்பினோம்.

அதோடு முடிந்ததா? மலர் அந்தப் போட்டோவைக் கூட்டுச் சீட்டு கட்டுகிற பெண்களின் போன் குழுவில் போட்டிருக்கிறது. மறுநாள் காலையிலிருந்து என் போன் ஓயவில்லை. "ஆன்டி, நீங்கதானே வீட்டுக்காரர கூட்டிட்டு வந்து வுடுற ஆளு? எங்க ஆளு பூச்சோங் பக்கம் இருக்காரு, போவீங்களா?" என்று ஒரு பெண். "சார்ஜ் எவ்ளோ?" என்று இன்னொரு பெண். நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை, குடிக்கப் போனவர்கள் என்று விளக்கலாம். ஆனால் அதைச் சொல்வதைவிட இது எவ்வளவோ கௌரவமாக இருந்ததால் சும்மா இருந்துவிட்டேன்.

இரண்டாவதாக நீ சொன்ன கிள்ளான் கடை. ஏர்கோன், மெத்தை வைத்த நாற்காலி, பன்னிரண்டு மணிக்கே திறந்துவிடுவார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தாய். எல்லாம் இருந்தது, வெளிச்சம்தான் இல்லை. உள்ளே நுழைந்ததும் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து மாரியாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். விஷ்ணுப்ரியா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த ஒரு பெண் வந்து எங்களைப் பார்த்தது, உள்ளே போனது, திரும்பி வந்து என் கையில் ஐந்து வெள்ளியை வைத்து, "ஆன்டி, பாஸ் இல்ல, இவ்ளோதான் இருக்கு. எந்தக் கோயிலுக்கு?" என்று கேட்டது. மாரியாயி அந்தப் பணத்தை அதன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம், "வெளிச்சத்துல ஒக்காந்து குடிக்கணும்னு சொன்னா, குகைக்குள்ள கொண்டாந்து வுட்டிருக்கியே" என்றாள். வெளியே வந்து நின்றதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வுடு பிலோ, நமக்கெல்லாம் எழுதல" என்றாள். எனக்கு உன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

பஸ் நிற்கும் இடம் வரைக்கும் நடந்தோம். அங்கே வந்ததும் அவளாகவே, "எனக்கு ஒரு கட தெரியும். உள்ள போனதில்ல" என்றாள்.

அது உன் பட்டியலிலேயே இல்லாத கடை. மேருவில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால், தகரக் கூரை போட்டது. காட்டுப்பன்றி வறுவலும் பீரும் விற்பார்கள். நாகையா போன கடை. அப்போது வேறு யாரோ நடத்தினார்கள், இப்போது ரமணி என்று ஒருவர். சென்ற புதன்கிழமை நண்பகலில் போய் இறங்கினோம். எங்கள் போட்டோ அங்கே எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. வாசலில் நின்றவர் சத்தம் கொடுத்திருக்க வேண்டும், நாங்கள் ரோட்டைக் கடப்பதற்குள் கடை காலி. பாதி குடித்த கிளாஸ்கள் மேசையில், மின்விசிறி தலைக்கு மேல், வாசலில் துண்டைத் தோளில் போட்டபடி ரமணி.

"பாத்துக்குங்கக்கா, ஒருத்தனும் இல்ல. கக்கூஸ கூட தொறந்து காட்டுறேன்" என்றார்.

"ரெண்டு ஸ்டவுட் குடுங்க" என்றேன்.

"யாருக்கு?"

"எங்களுக்கு."

ரமணி ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து போய், மேசையைத் துடைத்து, இரண்டு சில்லென்ற பாட்டிலும் கிளாஸும் கொண்டுவந்து வைத்து, குரலைத் தாழ்த்தி, "முட்ட ஒடச்சி ஊத்தவாக்கா?" என்று கேட்டார்.

"வேணாம் தம்பி. எனக்கு ஒடம்புக்கு ஒன்னும் இல்ல" என்றாள் மாரியாயி.

முதல் வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். "கசக்குது லா" என்றாள். அப்படியானால் வேண்டாமா என்று கேட்டேன். "யாரு சொன்னா" என்று கிளாஸைத் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டாள். அப்புறம் நிதானமாகக் கடையைச் சுற்றிப் பார்த்தாள். மேசை, நாற்காலி, விசிறி, சுவரில் ஒரு பழைய நாட்காட்டி. கடைசியாக ரோட்டுப் பக்கம் பார்த்தாள். அங்கே வாசலை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு ஒரு பெரிய பீர் பேனர் தொங்கியது. எப்போதும் அந்த இடத்தில் ஏதாவது ஒரு பேனர் தொங்கும் என்றார் ரமணி.

"இங்கருந்து பாத்தா வெளிய நிக்கிற ஆளு தெரியவே இல்ல பிலோ" என்றாள் மாரியாயி. "நான் நின்னது அவருக்குத் தெரியாமயே இருந்திருக்கும்."

தெரிந்திருந்தால் மட்டும் நாகையா எழுந்து வந்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன், அதனால் வாயைத் திறக்கவில்லை. ரமணிக்கு என்ன புரிந்ததோ, ஸ்டூல் போட்டு ஏறி அந்த பேனரைக் கழற்றிச் சுருட்டிவிட்டார். கடைக்குள் வெயில் வந்து விழுந்தது. எதிரே, நிறுத்தியிருந்த லோரியின் நிழலில் ஐந்தாறு ஆண்கள் வரிசையாக நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடம் மாறிவிட்டதைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒருவர் தயங்கித் தயங்கிக் கால்வாய் வரைக்கும் வந்து, "அக்கா, என் கிளாஸ் உள்ள இருக்கு" என்றார். "வெயில்ல நிக்காதீங்க, வாங்க" என்று மாரியாயிதான் கூப்பிட்டாள். ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். எவர் வாயிலும் ஒரு கெட்ட வார்த்தை வரவில்லை. இரண்டு மணிக்கெல்லாம் அவரவராகவே எழுந்து வேலைக்குப் போய்விட்டார்கள். பாட்டிலை விட வறுவல்தான் அன்றைக்கு அதிகம் ஓடியதாம். "வாரா வாரம் வாங்கக்கா, இந்த மேசைய உங்களுக்கே வச்சிடுறேன்" என்றார் ரமணி. மாதக் கடைசியில் பெர்த் போகிறாள் என்று நான் சொன்னேன். மாரியாயி அந்த மேசையை ஒருமுறை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

ஆகவே மார்வின், இனி பட்டியல் போடும்போது, உட்கார்ந்தால் வெளியே நிற்கிற ஆள் தெரிகிறாரா, உள்ளே வருகிற பெண்ணிடம் யாரைத் தேடுகிறாய் என்று கேட்காமல் இருப்பார்களா என்று பார்த்து எழுது. மற்றபடி நீ கவலைப்பட ஒன்றுமில்லை. இந்த ஒரு முறைதான். அவள் போன பிறகு நான் தனியாக எந்தக் கடைக்கும் போகப்போவதில்லை, அதனால் உன் அப்பன் ஸ்டானிஸ்லாஸ் காதில் இதைப் போட வேண்டியதில்லை. ஆட்ரிக்கு என் முத்தம். ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுளும், எழுதுவதற்கு முன் நேரில் போய்ப் பார்க்கிற புத்தியும் கொடுப்பாராக.

உன் தலையில் கை வைத்து வாழ்த்தும்,
அத்தை பிலோமினா

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மாரியாயி போன் செய்தாள். மேருவில் ஒரு வைத்தியம் ஆரம்பித்திருக்கிறேன், வாரா வாரம் புதன்கிழமை போக வேண்டும், பாதியில் விட்டால் உடம்பு கெட்டுவிடும் என்று தனேஷிடம் சொல்லிவிட்டாளாம். அவன் பயந்துபோய், டாக்டரிடம் பேச வேண்டும் என்று நம்பர் கேட்க, இவள் ரமணியின் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். ரமணி மிகவும் பொறுப்பாக, "ஒரு வாரம் கூட வுடக்கூடாது தம்பி, அம்மாவுக்கு நல்லா கேக்குது" என்று சொல்லிவிட்டாராம். டிசம்பரில் இரண்டு வாரம் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள். ஆகையால் மேலே 'இந்த ஒரு முறைதான்' என்று எழுதியிருக்கிறேனே, அந்த வரியை நீயே அடித்துக்கொள். நாளைக்குப் புதன்கிழமை, எனக்குப் புடவை தேய்க்கிற வேலை இருக்கிறது.