பதினோரு துண்டும் இருபத்திமூன்று ஜோடி மாலையும்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற எந்தப் பொருளையும் என் கண்ணில் காட்டக் கூடாது. கழற்றிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வீட்டு மிக்ஸியோடு இந்தப் புத்தி நின்றிருந்தால் பரவாயில்லை. அலுவலகத்துக்கும் கொண்டுபோனேன். அதுவும் என் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம்.

சென்னையில் ஐந்து வருடம் குப்பை கொட்டிவிட்டு, சங்கரன்கோவிலில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். என்னையும் சேர்த்து மொத்தமே நாலு பேர். போனில் மாலை ஆர்டர் செய்தால் சுற்றுவட்டாரப் பூக்கடை ஒன்றுக்கு அது போகும்; கடைக்காரர் வாழ்த்து அட்டையையும் அச்சடித்து மாலையோடு கொண்டுவந்து தருவார். இதுதான் எங்கள் செயலி. எல்லா வேலையையும் ஒரே புரோகிராம் பார்த்துக்கொண்டது. எழுதியவர் எங்கள் தலைவி சண்முகத்தாய் அக்கா. அதுவரை ஒரு மாலைகூட வழி தவறியதில்லை.

“இது பழைய ஸ்டைலுக்கா. பதினோரு துண்டாப் பிரிச்சிருவோம். ஒண்ணு விழுந்தாலும் மத்தது நிக்கும்” என்றேன்.

“நாலு பேருக்குப் பதினோரு துண்டா? யாரு மேய்க்க?”

“நான் மேய்க்கேன்.”

அக்கா அரை மனதாகத் தலையாட்டினார். நான் எழுதியதைப் படித்துப் பார்த்தவள் முப்பிடாதி. வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

“அண்ணே, கடையில இருந்து பதில் வர லேட்டானா இது திரும்பவும் கேக்குதுல்லா? அது புது ஆர்டராப் போயிராதா?”

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம்மா” என்றேன். (உண்மையைச் சொன்னால், அவள் கேட்டது எனக்குப் புரியவே இல்லை. அதை ஒப்புக்கொள்ள, சென்னையில் ஐந்து வருடம் இருந்தவனுக்கு வாய் வருமா?)

என் படைப்பின் மேல் எனக்கு எவ்வளவு நம்பிக்கை என்று காட்ட வேண்டாமா? புதிய அமைப்பில் முதல் ஆர்டரை நானே போட்டேன். என் நிச்சயதார்த்தத்துக்கு, ரோஜா மாலை, ஒரு ஜோடி.

நிச்சயதார்த்தத்தன்று காலை ராஜபாளையம் ரோட்டு மண்டபத்தில் வாசுதேவநல்லூரில் இருந்து பெண் வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். பின்னாலேயே ராயகிரிப் பூக்கடைக்காரர் பைக்கில் வந்தார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வாசலில் நின்ற என் வருங்கால மாமனாரிடம் மெதுவாகக் கேட்டார்: “அண்ணாச்சி, பாடி எங்கன இருக்கு?”

“என்ன பாடி?”

கடைக்காரர் அட்டையை நீட்டினார். மாமனார் வாய்விட்டே படித்தார். “திரு. பரமசிவன் அவர்களின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல்.” பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பட்டு வேட்டியில், முழு உயிரோடு, நான் சிரித்துவைத்தேன்.

அதற்குள் மேலநீலிதநல்லூரில் இருந்து ஒரு ஆட்டோ. அதற்குப் பின்னால் இன்னொன்று. எல்லாவற்றிலும் ரோஜா மாலை, எல்லா மாலையிலும் என் மறைவு. ஒரு கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டே இறங்கினார்.

“ஏட்டி கோமதி, நல்ல காரியத்துல இது என்ன அச்சானியம்? இந்தச் சம்பந்தமே வேண்டாம். எல்லாரும் வண்டில ஏறுங்க” என்று மணப்பெண்ணிடம் சொன்னார் அவள் பெரியம்மா. இரண்டு பேர் ஏறியும்விட்டார்கள்.

நான் பந்தி அறைக்கு ஓடினேன். விருந்துக்கு வந்திருந்த எங்கள் அலுவலக ஆட்கள் இலை போடும் மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார்கள்.

“யாரு இந்த இரங்கல் அட்டையை வச்சது?” என்று கத்தினேன்.

முப்பிடாதி திரையை என் பக்கம் திருப்பினாள். எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயர். எந்த அட்டை என்று சொல்லவேண்டிய துண்டு படுத்துவிட்டால், பட்டியலில் முதலில் இருப்பதை எடுத்துக்கொள் என்று நான்தான் எழுதியிருந்தேன். அது படுத்துவிட்டது. அகர வரிசையில் ‘ஆழ்ந்த இரங்கல்’ முந்திக்கொண்டது. கடைகளுடன் பேசவேண்டிய துண்டோ, பதில் வரத் தாமதமான ஒவ்வொரு முறையும் அடுத்த கடைக்குப் புது ஆர்டர் போட்டிருந்தது. மொத்தம் இருபத்திமூன்று ஆர்டர்.

“யாருங்கிறதை விடுப்பா. இப்ப எதை நிறுத்தணும், அதைச் சொல்லு” என்றார் அக்கா.

பத்தே நிமிடத்தில் பழைய புரோகிராமை ஓடவிட்டார்கள். நாலாவது ஆளான முத்துராஜ் கத்தரிக்கோலோடு வாசலுக்குப் போய் அட்டைகளை வெட்டி எடுத்தான். முப்பிடாதி வராத மாலைகளைப் போனில் நிறுத்தினாள். ‘நான் அப்பவே சொன்னேன்லா’ என்ற ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

வேனுக்குப் பக்கத்தில் போய் எல்லோர் முன்னாலும் சொன்னேன். “தப்பு என்னோடதுதான். கடைக்காரங்க மேல ஒண்ணும் இல்லை.”

பெரியம்மா அசையவில்லை. கோமதிதான் வாயைத் திறந்தாள். “போறப்பவே இத்தனை மாலை விழுதுன்னா நல்ல மனுசனாத்தான் இருந்திருப்பாரு, பெரியம்மா. நான் இவரையே கட்டிக்கிடுதேன்.”

வேனுக்குள் இருந்து முதலில் சிரித்தவர் டிரைவர். பிறகு எல்லோரும் இறங்கினார்கள். அன்றைய போட்டோவில் சமையல்காரர் கழுத்திலும் மாலை இருக்கும். பெரியம்மா கழுத்தில் இரண்டு.

திங்கட்கிழமை அலுவலகத்தில், மண்டபத்தில் நடந்ததை எழுத உட்கார்ந்தோம். யார் பெயரும் எழுதக் கூடாது, ஏன் என்று மட்டும் கேட்க வேண்டும் என்றார் அக்கா. ஏன் இத்தனை ஆர்டர்? ஏன் சோதித்துப் பார்க்கவில்லை? முப்பிடாதி கேட்ட பிறகும் ஏன் விட்டோம்?

“புரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சுக்கா” என்றேன்.

அக்கா அதையும் அப்படியே எழுதிக்கொண்டார். பதினோரு துண்டு மறுபடி ஒன்றானது. இப்போது எங்கள் அலுவலகத்தில் ‘எனக்குப் புரியலை’ என்று அதிகம் சொல்கிறவன் நான்தான்.

போன மாதம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் வெளியே வந்து விஷயத்தைச் சொன்னதும் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மாமனார் மட்டும் கவலையோடு அவரை மறித்தார்.

“ஒண்ணுதானம்மா? உள்ள போயி இன்னொரு தடவை நல்லாப் பாத்துட்டு வாங்க. எங்க மாப்ள போட்ட ஆர்டரு.”